பின்விளக்கு உணர்த்தும் அறம்





மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு, ஓட்டுகிறவனுக்கு வழி காட்டுகின்றது. அதன் பின்விளக்கோ அவனுக்கு யாதொன்றையும் காட்டுவதில்லை. அது எரிகின்றதா, அவிந்துவிட்டதா என்பதும் அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னே வருகிறவர் பொருட்டே அது எரிகின்றது. தன் முன்னே ஓர் உயிர் செல்கின்றது என்பதை அவர் அறிந்து வேகத்தைத் தணித்துக்கொள்ளவே அந்தச் சிறு செவ்வொளி அமைக்கப்பட்டது. முன்விளக்கு அவிந்தால் அக்கணமே அறிகின்றோம். பின்விளக்கு அவிந்தால் பிறர் சொல்லியே அறிகின்றோம். சொல்லுவார் இல்லையேல், பின்னே வரும் லாரி அறிவிக்கின்றது.

இம்மாதப் பௌர்ணமி அறவுரைக்கு இந்தப் பின்விளக்கையே பொருளாக எடுத்துக்கொள்கின்றோம். இஃதென்ன புதுமை என்று எவரும் வியக்க வேண்டுவதில்லை. உழவையும் வீணையையும் குயவன் வனைந்த கலத்தையும் தச்சன் கைக்கருவியையும் உவமையாக்கி அறம் உரைத்தவர் நம் பகவன். மக்கள் எத்தொழிலில் உழன்றனரோ அத்தொழிலின் சொற்களாலேயே அவர்க்கு மெய்ப்பொருளை விளக்கினார். இன்று நம் மக்கள் உழலும் இடத்தில் மெக்கானிக் பட்டறையும் ஒன்று.

தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் வாழும் நம் இளைஞர் பலர் இருசக்கர வண்டியை நம்பிப் பிழைக்கின்றனர். ஒருவர் உணவுப் பொட்டலம் கொண்டு செல்கின்றார். ஒருவர் மருந்து கொண்டு செல்கின்றார். மற்றொருவர் தையற்கூடத்துத் துணிமூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு ஓடுகின்றார். ஊர் உறங்கும் வேளையே இவர்களுக்கு உழைக்கும் வேளை. சயான் வழியாகச் செம்பூருக்கும், அங்கிருந்து பன்வேல் செல்லும் நெடுஞ்சாலைக்கும் போகும் பாதையில் இரவு நேரத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் வருகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடக்கின்றது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கின்மேல் காலை அழுத்துவதற்குள் அந்த ஒரு வினாடி கழிந்துவிடும். ஆடி ஆவணி மழையில் சாலை மங்கிக் கிடக்கும்போது, சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால் ஓர் உயிர் தப்புகின்றது. தெரியாவிட்டால் ஒரு வீட்டில் அழுகுரல் எழுகின்றது. 5 வாட் பல்பின் பெறுமதி இவ்வளவு.

நம் கூட்டத்திற்கு வரும் இளைஞர் ஒருவருடைய வண்டியில் இந்தப் பின்விளக்கு நிலைக்கவில்லை. கைமாறி வாங்கிய பழைய வண்டி அது. புதுப் பல்பு போடுவார். பத்து நாளில் பியூஸ் ஆகிவிடும். மீண்டும் போடுவார், ஒரு வாரத்தில் போய்விடும். மூன்று மாதத்தில் ஆறு பல்புகள். ஒரு நாள் இரவு பின்னே வந்த வண்டி ஒன்று அவருடைய கைப்பிடியை உரசிக்கொண்டு போயிற்று. நல்ல வேளையாக உயிருக்கு ஊறு நேரவில்லை.

அதன் பின்னர் பலரும் அவருக்குப் பல யோசனை கூறினர். ‘உன் முன்வினை அப்படி; எது செய்தாலும் தங்காது’ என்றார் ஒருவர். ‘தெய்வம் உன்னைச் சோதிக்கிறது, வண்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டு’ என்றார் மற்றொருவர். ‘பல்பு என்றால் போகத்தான் செய்யும், இதற்கெல்லாம் காரணம் பார்க்க முடியுமா? நாலு பல்பு வாங்கிப் பையில் வைத்துக்கொள்’ என்றார் மூன்றாமவர்.

அன்பர்களே, இம்மூன்று யோசனைகளும் புதியன அல்ல. பகவன் காலத்திலேயே உலவியவை. இன்பமும் துன்பமும் முற்றிலும் முன்வினைப் பயனே என்பாரும், அனைத்தும் ஈசுவரன் படைப்பே என்பாரும், யாவும் காரணமின்றித் தாமே நிகழ்வன என்பாரும் அன்றும் இருந்தனர். அங்குத்தர நிகாயத்தில் பகவன் இம்மூவரையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு மறுக்கின்றார். மூவரும் வெவ்வேறு பாதையில் புறப்பட்டாலும் வந்து சேரும் இடம் ஒன்றே என்பது அவர் காட்டும் உண்மை. செய்யத்தக்கது இது, தவிர்க்கத்தக்கது இது என்ற விவேகமும், அதற்கேற்ற முயற்சியும் அங்கே அற்றுப்போகின்றன. இளைஞருக்கு யோசனை கூறிய மூவரையும் நோக்குங்கள். மூவருள் ஒருவரேனும் வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாரா?

சொன்னவர் நான்காமவர். தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் அவர்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். இளைஞர் செத்த பல்பை எறியப் போனபோது, ‘எறியாதே தம்பி, இப்படிக் கொடு’ என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்த பல்பு தன் மரணத்தின் காரணத்தைத் தானே சொல்லும். கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் அறுந்து தொங்கினால், அதிர்வே முதற்காரணம் என்று ஐயுறலாம். கண்ணாடியின் உட்புறம் வெள்ளியும் கருமையுமாகப் படர்ந்திருந்தால், இழை அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கின்றது, மின்னழுத்தம் மிகுந்திருக்கின்றது. பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. இந்தப் பல்பு கறுத்திருந்தது.

‘அண்ணாச்சி, அப்படியானால் பல்பில் கோளாறு இல்லையா?’ என்று இளைஞர் கேட்டார். ‘பல்பு பாவம். அதைக் கொல்கிறது வேறே’ என்றார் முதியவர். எஞ்சினை ஓடவிட்டு, முறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டிய முள் 16-ஐத் தாண்டிற்று. பின்னர் ஒவ்வொன்றாகத் தேடினார். பாட்டரியின் முனையில் வெண்பூ பூத்து வயர் தளர்ந்திருந்தது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு ஏறி, எர்த்து சரியாகக் கிடைக்கவில்லை. விளக்கைத் தாங்கும் ரப்பர் வாசர்கள் கல்லாய் இறுகிப் போயிருந்தன. உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார். முனைகளைச் சுத்தம் செய்து முறுக்கினார். புது ரப்பர் போட்டார். மீண்டும் மீட்டரை வைத்தார். முள் 14-க்குச் சற்று மேலே வந்து நின்றது. அதன் பின்னரே புதுப் பல்பை மாட்டினார். அந்த மழைக்காலம் முழுவதும் அந்தப் பல்பே எரிந்தது.

இம்முதியவர் சூத்திரம் எதையும் ஓதியவர் அல்லர். ஆயினும் அவர் செய்தது நான்கு வாய்மைகளின் வழியே அன்றோ? நோய் உண்டு என்று கண்டார். அது துக்க வாய்மை. நோய்க்குக் காரணம் உண்டு என்று தேடினார். அது துக்கோற்பத்தி வாய்மை. காரணம் நீங்கின் நோய் நீங்கும் என்று தெளிந்தார். அது துக்க நிவாரண வாய்மை. நீக்கும் வழியில் முறையாகக் கை வைத்தார். அது மார்க்க வாய்மை. வள்ளுவப் பெருந்தகையும் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு இம்முறையையே வகுத்துத் தருகின்றார். தமிழ் மண்ணில் பௌத்தத்தை மீண்டும் தழைக்கச் செய்து, 1898-ஆம் ஆண்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை ஈண்டு நினைவுகூர்வது தகும். நாடி பிடித்து நோய் முதல் காணும் கைக்கு, சமூகத்தின் நோய் முதலைக் காண்பதும் இயல்பாயிற்று.

இன்னுமொன்று நோக்குக. அப்பல்பைக் கொன்ற காரணம் ஒன்றன்று. துருவும், தளர்ந்த முனையும், இறுகிய ரப்பரும் கூடிச் செய்த செயல் அது. அத்துருவுக்குக் காரணம் மழைநீர். கடலும் மாகிம் கழிமுகமும் சூழ்ந்த இவ்வூரின் உப்புக் காற்று அதற்குத் துணை. அதிர்வுக்குக் காரணம் குழி விழுந்த சாலை. இவ்வாறு ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதையே நம் முன்னோர் சார்பிற்றோற்றம் என்றனர். மணிமேகலைக் காப்பியம் பன்னிரு நிதானங்களாக விரித்துரைப்பதும் இச்சார்பையே. யாரோ ஒருவரைக் குற்றவாளியாகப் பிடித்து அடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் சார்பிற்றோற்றத்தை அறியாதார். சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நம் கைக்கு எட்டும் கண்ணியை அறுப்பவரே அறிந்தவர். கடற்காற்றை நாம் நிறுத்த இயலாது. துருவைத் தேய்க்க இயலும்.

மின்னழுத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் என்னும் உலோக இழை. அது 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் காய்ந்தே ஒளி தருகின்றது. உரிய அளவினும் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்னழுத்தம் கூடினால், பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகின்றது. கூடியதோ சிறிது, விளையும் கேடோ பெரிது. மின்னழுத்தம் குறைந்தாலோ விளக்கு மங்கி, பின்வருவோர்க்குப் பயன்படாது ஒழிகின்றது. அளவோடு நிற்கும்போதே அது நெடுநாள் எரிந்து பிறர்க்கும் பயன்படுகின்றது.

இராசகிருகத்தில் சோணர் என்னும் பிக்கு, கால் வெடித்துக் குருதி கசியுமளவு நடந்து நடந்து தவம் முயன்று, பயன் காணாது மனம் சோர்ந்தார். துறவுக்கு முன் அவர் வீணை வாசிப்பதில் வல்லவர். நரம்பை மிக முறுக்கினால் இசை எழுமா, மிகத் தளர்த்தினால் எழுமா என்று பகவன் அவரை வினவி, நடுநிலையில் நிறுத்தும் முயற்சியே பயன் தரும் என்று உணர்த்தினார். நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். இரவு பத்து மணி நேரம் வண்டியோட்டி, பகலில் மற்றொரு வேலையும் பார்த்து, மூன்று மணி நேரம் மட்டும் உறங்கும் பிள்ளை 16 வோல்ட்டில் எரியும் பல்பு. சில நாள் மிகப் பிரகாசமாகத் தோன்றுவான். தாய்மாரே, அந்தப் பிரகாசத்தைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்.

பழைய ஸ்கூட்டர்களை ஓட்டியவர்கள் வேறொன்றையும் அறிவார்கள். அவ்வண்டிகள் பலவற்றில் எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்தே விளக்குகளுக்கு நேரே மின்சாரம் வரும். முன்விளக்கும் பின்விளக்கும் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். ஓடுகையில் முன்விளக்குப் பியூஸ் ஆனால், சிறிது நேரத்திற்குள் பின்விளக்கும் பியூஸ் ஆகிவிடும். பெரிய பல்பு இழுத்து வந்த மின்சாரத்தை இழுக்க ஆளில்லாமற் போகவே, மின்னழுத்தம் ஏறி, 5 வாட் பல்பின் மெல்லிய இழைமேல் பாய்கின்றது. அது தாங்காது அறுகின்றது. நம் வீடுகளில் இது நிகழ்வதைக் காணவில்லையா? தந்தை குடியில் விழுகின்றார், அல்லது நோயில் விழுகின்றார். அக்கணமே குடும்பத்தின் பாரம் முழுதும் பதினான்கு வயதுப் பெண்ணின்மேல் பாய்கின்றது. பள்ளிக்கூடம் நின்றுபோகின்றது, தம்பி தங்கையரைப் பார்க்க வேண்டும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டும். பின்னர் அவள் முகம் வாடியதைக் கண்டு, ‘இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது?’ என்று கேட்கின்றோம். பின்விளக்கை மாற்றிப் பயனில்லை அன்பர்களே, முன்விளக்கைப் பாருங்கள். அதுவரை அச்சிறுமியின் பாரத்தைத் தாங்க உற்றாரும் சங்கத்தாரும் தோள் கொடுங்கள்.

ஈண்டு ஒருவர் வினவலாம். ‘நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எத்தகையது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் மாண்டு போவான் என்று பகவனே உரைத்தாரே, நீங்கள் காரணம் தேடு என்கின்றீர்களே’ என்பது அவ்வினா. நல்ல வினா. பகவன் விலக்கியது துன்பம் தீர்க்க உதவாத ஆராய்ச்சியை. துன்பம் தீர்க்கும் ஆராய்ச்சியை அன்று. ஆகையால் இன்றிரவே சாலையில் செல்ல வேண்டுமாயின், இன்றிரவே புதுப் பல்பைப் போடுங்கள். அது பின்வருவோர்க்கும் நமக்கும் செய்யும் கருணை, அம்பைப் பிடுங்குவது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மறுநாள் இருக்கையைத் தூக்குங்கள். கடன்பட்டவன் வீட்டில் அடுப்பெரிய அரிசி கொடுப்பதும் அறம். அவன் ஏன் மாதந்தோறும் வட்டிக்காரன் வாயிலில் நிற்கின்றான் என்று உடனமர்ந்து கணக்குப் பார்ப்பதும் அறம். முன்னதை மட்டும் செய்து புண்ணியம் தேடிக்கொண்டு போகிறவர், ஆறு பல்பு மாற்றியவரே ஆவார்.

நம் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வாராய்ச்சியையே வாழ்நாள் முழுதும் செய்தார். 1916-ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதி எவ்வாறு இயங்குகின்றது, எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது என்பவையே அதன் பொருள். சாதியைத் தெய்வத்தின் ஏற்பாடு என்றும் முன்வினைப் பயன் என்றும் ஊரார் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அவர் அதனை இயங்கும் ஒரு பொறியாகக் கண்டு, மூடியைக் கழற்றி, அகமணம் என்னும் முடுக்காணியில் விரல் வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில், இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பகவனின் தம்மத்தைத் தழுவியது இதன் முடிவே. ஆண்டுதோறும் டிசம்பர் 6-ஆம் நாள் தாதர் சைத்திய பூமிக்குச் சென்று வணங்குகின்றோம். வணங்கிவிட்டுத் திரும்பும் வழியில் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று ஒருவர் சொன்னால், வணங்கியதன் பயன் என்ன?

இனி, இளைஞர்களுக்குச் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். பல்பு இரு முறை தொடர்ந்து போனால் மூன்றாவது பல்பு வாங்குவதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பார்க்கச் செய்யுங்கள். எஞ்சினை முறுக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். பின்விளக்குப் பல்பு பலவற்றில் ஒரே கண்ணாடிக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள் உண்டு. முன்னது எப்போதும் எரிவது, பின்னது பிரேக் பிடிக்கும்போது எரிவது. மாற்றிப் பொருத்தாதிருக்கவே அதன் இரு முளைகளும் ஏற்றத்தாழ்வாக வைக்கப்பட்டுள்ளன, வலிந்து திருகாதீர்கள். பிரேக் சுவிட்சு சிக்கிக்கொண்டு பெரிய இழை ஓயாமல் எரிகின்றதா என்று பாருங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் முன்விளக்குப் பகலிலும் எரிகின்றது. பல வண்டிகளில் பின்விளக்கும் அதனோடு சேர்ந்தே எரிவதால் பல்புக்கு ஓய்வு குறைவு. எல்.இ.டி. விளக்கில் இழை இல்லை. ஆயினும் மின்னழுத்தம் மீறினால் அதுவும் கெடும். மழைக்காலத்திற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் துருவைத் தேய்த்துவிடுங்கள்.

இவை யாவும் செய்தாலும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. வண்டியில் அமர்ந்தவன் தன் பின்விளக்கைத் தான் காண இயலாது. அதற்குப் பிறர் கண் வேண்டும். இதற்காகவே பகவன் சங்கத்தை அமைத்தார் எனலாம். மழைக்காலம் முழுதும் ஓரிடத்தில் தங்கியிருந்த பிக்குகள், அதன் முடிவில் பவாரணை என்னும் சடங்கு செய்வர். ஒவ்வொருவரும் தம்மிடம் கண்ட குறையோ, கேட்ட குறையோ, ஐயுற்ற குறையோ இருப்பின் இரக்கங்கொண்டு எடுத்துரைக்குமாறு மற்றையோரை வேண்டுவர். வயதிலும் அறிவிலும் மூத்தவரும் இதற்கு விலக்கல்லர். தாம் காண இயலாத இடத்தில் தம் விளக்கு எரிகின்றதா என்று பிறரைக் கேட்கும் பணிவு இது.

ஆகையால் நம் இளைஞர்கள் இரவு வேலைக்குப் புறப்படுமுன், ஒருவர் பின்னே நின்று ஒருவர் விளக்கைப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை இன்றே தொடங்குவார்களாக. ‘அண்ணே, பின்லைட் எரியவில்லை’ என்று சாலையில் முன்பின் அறியாத ஒருவர் கூவிச் சொன்னால், சினவாது நின்று நன்றி கூறுவார்களாக. அப்படியே, ‘உன் சொல்லில் கடுமை ஏறியிருக்கிறது’, ‘உன் குடி உன் பிள்ளைகளைச் சுடுகிறது’ என்று இல்லாளோ, நண்பரோ, சங்கத்தாரோ எடுத்துரைக்கும்போதும் முகம் சுளிக்காது கேட்போமாக. அவர்கள் நமக்குப் பின்னே நின்று, நம் கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்லுகின்றார்கள்.

இரவெல்லாம் சாலையில் செல்லும் நம் மக்கள் யாவரும் விடியற்காலையில் நலமே வீடு வந்து சேர்வார்களாக. முன்னே செல்வோரும் பின்னே வருவோரும் அச்சமின்றி இருப்பார்களாக.